பல்லி சொல்லாத சம்பந்தம்

ஆரணியில் எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை தாத்தாவுடையது என்று வெளியில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது பல்லியுடையது. தறியில் புதுப் பாவு ஏற்றுவதானாலும் சரி, மாடு வாங்குவதானாலும் சரி, பேச்சின் நடுவே கூடத்துச் சுவரில் பல்லி கத்தினால்தான் தாத்தா தலையாட்டுவார்.

வீட்டில் இருந்ததே இரண்டு பல்லிகள். அந்த இரண்டையும்தான் நான் பிடித்து, ஊறுகாய் ஜாடியில் போட்டு, நூல் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வளர்த்தேன். அண்ணன், தம்பி என்று நானே உறவும் சொல்லி வைத்திருந்தேன்.

பல்லிகளைப் பிடித்த அந்த வாரம்தான் போளூரிலிருந்து வந்து அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளைக்கு அரிசி மண்டி. எல்லோருக்கும் பிடித்திருந்தது. அத்தையை யாரும் கேட்கவில்லை. "பல்லி சொல்லட்டும், அப்பறம் வாக்கு குடுக்கலாம்" என்று தாத்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு காலையில் ஜாடிக் கண்ணாடியில் பெரிய ஜவ்வரிசி போல இரண்டு முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் தம்பிக்கு முட்டை எப்படி வந்தது? ஓடிப்போய் அத்தையிடம் காட்டினேன். பல்லியைக் கண்டாலே அலறுகிறவள், ஜாடியை வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டும் இத்தினி நாளா இங்கதான் இருந்துகினு இருக்குதா?"

"ஆமா அத்த. கொண்டுபோயி உட்டுடட்டுமா?"

"இப்ப உட்டா முட்டை வீணாப் பூடும்டி. பொரிக்கட்டும். யார்கிட்டயும் சொல்லாத."

அன்றிலிருந்து விளக்கடியில் விழும் பூச்சிகளைப் பொறுக்கி அத்தையே ஜாடியில் போட்டாள். ஜல்தியாக ஒரு முடிவு சொல்லுங்கள் என்று போளூரார் ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். தாத்தா சுவரைப் பார்த்துத் தவித்ததுதான் மிச்சம். கடைசியில் அவர்கள் பெரணமல்லூரில் பெண் எடுத்துக்கொண்டார்கள். அத்தைக்குப் பல்லிகள்மேல் எவ்வளவு பாசம் என்று நான் உருகிப்போனேன்.

முட்டை பொரிந்ததும் தாய், தகப்பன், குஞ்சுகள் எல்லாவற்றையும் சுவரில் விட்டோம். கொஞ்ச நாளில், எங்கள் நூலுக்குச் சாயம் போடுகிறவர் தம் அம்மாவோடு பெண் கேட்டு வந்தார். அவர் நூல் கொண்டுவரும்போதெல்லாம் நிறம் சரியாக ஏறியிருக்கிறதா என்று அத்தை நெடுநேரம் சோதிப்பது வழக்கம்.

தாத்தா தயங்கி அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பல்லிகள் சுவரில் வாயைத் திறக்காமல் கிடந்தன. அப்போது சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து 'ச்சு ச்சு ச்சு' என்று சத்தம் வந்தது.

"சொல்லிடுச்சி" என்றார் தாத்தா. அவர் கண் கலங்கியிருந்தது.

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, வீட்டில் இன்னொரு பல்லி இருக்கிறதே என்று. மறுநாள் முழுக்க ஜாடியும் கையுமாக அந்தக் கதவுக்குப் பின்னால் தேடினேன். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். கூட வந்து தேடக்கூட இல்லையே என்று அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.