இரவல் குரல்

பொன்னுரங்கத்துக்கு மேடையில் மைக் தேவைப்பட்டதில்லை. நொச்சிக்குப்பத்தில் பிறந்தவர், அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். இருபது வருஷம் மதிவாணனின் நாடகக் குழுவில் நடித்தார். மயிலாப்பூர் சபாக்களில் அவர் வாயைத் திறந்தால் கடைசி வரிசையில் முறுக்கு கடிப்பவர்கூட நிறுத்திவிடுவார் என்று மதிவாணன் சொல்வதுண்டு. தி.நகர் துணிக்கடையில் வேலை பார்த்த ரத்னா அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள்.

ஐம்பதை நெருங்கியபோது ஒரு டிவி சீரியலில் பங்களா வீட்டுப் பெரியவர் வேஷம் வந்தது. அதே சமயம் மதிவாணன் அவரை மனதில் வைத்தே ஒரு நாடகம் எழுதி முடித்திருந்தார். ரிட்டயரான பஸ் கண்டக்டர் வேஷம். கடைசிக் காட்சி முழுக்க அவர் ஒருவர்தான் பேசுவார். அரங்கேற்றமும் ஷூட்டிங்கும் ஒரே நாளில் விழுந்தன. சபாவில் வேறு தேதி இல்லை என்றுவிட்டார்கள். பொன்னுரங்கம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒத்திகை நடக்கும் அறைக்குப் போய், இந்த ஒரு தடவை விட்டுடுங்க என்று கேட்டுக்கொண்டார். மதிவாணன் கோபப்படவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தமிழ்மாறனை வைத்துப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

சீரியல் தொடங்கிய அன்று தெருவே அவர் வீட்டில் கூடியிருந்தது. டிவியில் பொன்னுரங்கம் வாயசைத்தார். வேறு யாரோ பேசினார். பேச்சில் குப்பத்து வாடை அடிக்கிறது என்று, அவரிடம் சொல்லாமலே வேறு ஆளை வைத்து டப்பிங் செய்திருந்தார்கள். மறுநாள் போய்க் கேட்டார். உங்க முகம்தான் சார் எங்களுக்கு வேணும் என்றார் டைரக்டர்.

விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. கோயில் வாசலிலும் பெசன்ட் நகர் பீச்சிலும் ஜனங்கள் அடையாளம் கண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்; அது பிடித்திருந்தது. ரத்னா மட்டும் சீரியலை மியூட்டில் போட்டுத்தான் பார்ப்பாள்.

நாலு வருஷம் கழித்து அந்தப் பெரியவரைக் கார் விபத்தில் சாகடித்தார்கள். அதன்பிறகு சீரியலில் மாலை போட்ட போட்டோவாக மட்டும் இருந்தார்.

வேறு வாய்ப்பு வராமல், மதிவாணனைத் தேடிப் போனார். கண்டக்டர் நாடகம் அதற்குள் ஊர் ஊராகப் போய்ப் பேர் வாங்கியிருந்தது, தமிழ்மாறனும்தான். மதிவாணன் அந்த நாடகத்தின் நடிகர் பட்டியலை எடுத்துப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்காரர் வேஷம் ஒண்ணு காலியா இருக்கு பொன்னு. ரெண்டு சீன்தான். பண்றியா?"

பண்ணினார். அவ்வளவு ஆசையாக எந்த வேஷத்துக்கும் அவர் ஒத்திகை பார்த்ததில்லை. அடையாறில் நடந்த ஷோவில் அவர் மேடையேறியதும் கைத்தட்டல். பேச ஆரம்பித்ததும் முன்வரிசையில் சலசலப்பு. நாடகம் முடிந்ததும் ஒரு அம்மாள் மேடைக்குப் பின்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார்.

"டிவியில எவ்வளவு அழகா பேசுவீங்க. தொண்டைக்கு என்ன ஆச்சு சார்?"

"சளிம்மா," என்றார் பொன்னுரங்கம். "சரியாயிடும்."

நாடகம் பார்க்க வந்திருந்த ரத்னா பக்கத்தில் நின்று இதைக் கேட்டாள். பஸ் ஸ்டாப்பில், "அது வேற ஆளு கொரலுன்னு சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.

"சொல்ல வேண்டிய எடம் டைரக்டராண்ட. அன்னிக்கே சொல்லிட்டு எய்ந்து வந்துருக்கணும். இந்தம்மாவாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

இப்போதும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரராக நடிக்கிறார். தன் சீன் முடிந்ததும் மற்றவர்களைப் போல மேக்கப்பைக் கலைக்கப் போவதில்லை. படுதாவுக்குப் பின்னால் நின்று கடைசிக் காட்சியைக் கேட்கிறார். தமிழ்மாறன் நன்றாகவே செய்கிறான். அதை அவனிடமே சொல்லியிருக்கிறார். அந்த வசனம் முழுதும் அவருக்கு மனப்பாடம். பேசிக் காட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை.