பாய்லர் சுவர்

பழைய மின்நிலையத்தை மியூசியமாக்கிவிட்டார்கள் என்று கேட்டு அம்மாவை அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் மூக்கிலேறிய மெஷின் எண்ணெய் வாசனை, பர்மாவில் பெண்பிள்ளைகளுக்கும் சீருடையான என் பள்ளிக்கூடப் பச்சை லுங்கியின் வாசனை. ரங்கூன் மழையில் எதுவும் காயாது என்பதால், நிலையத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பாய்லர் கூடத்தின் சூடான வெளிச்சுவரில், தகரச் சார்ப்புக்கு அடியில் கொடி கட்டித் துணி உலர்த்துவார்கள். பிள்ளைகள் நாங்கள் அந்தச் சுவரில் முதுகு சாய்த்தால், உள்ளே அப்பா கரி தள்ளும் உலையின் உறுமல் எலும்புவரை இறங்கும். அம்மா ஒவ்வொரு துணியின் ஓரத்தையும் கன்னத்தில் வைத்து ஈரம் பார்ப்பாள்.

நிலையத்தை மூடியபோது வந்த அதிகாரி, வீடுகளும் மியூசியத்தில் அப்படியே இருக்கும், பழுது பார்த்ததும் நீங்களே திரும்பி வரலாம் என்றார். நம்பிக் காலி செய்தோம். வீடுகள் இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன.

சுவரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். 'தொழிலாளர் வாழ்க்கை' என்று எழுதி, கொடியில் லுங்கிகளைத் தொங்கவிட்டு, முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். காவலுக்கு நின்ற பெண் பர்மிய மொழியில் சொல்லித் தடுப்பதற்குள் அம்மா கை நீட்டி, ஒரு லுங்கியின் ஓரத்தை இழுத்துக் கன்னத்தில் வைத்தாள்.

"இது ஒரு நாளும் நனைஞ்சதே இல்லடி," என்றாள்.