ஊசியை விட்டுவிட்டுச் சொல்லச் சொன்ன சாட்சி

செபக்கூட்டம் நடத்தும் சகோதரரே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். என் மனைவி பிலோமினாவை உங்கள் எண்ணெய் குணமாக்கவில்லை.

விசுவாசிகளே, நடந்தது இதுதான். 2006 தவக்காலத் தொடக்கத்தில் அவளுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் ஏதோ நிழல். ஊசியில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் என்னவென்று தெரியும் என்றார் டாக்டர்.

அன்று மாலையே சகோதரர் வீட்டுக்கு வந்தார். "அந்த ஊசி மருந்து விஷம் சிஸ்டர். ரத்தத்துல ஏத்துனா விசுவாசம் செத்துடும்." அவள் விலாவில் எண்ணெயைத் தேய்த்தார். அந்தச் சிக்கு நாற்றம் தலையணையை விட்டுப் போகவே இல்லை. புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

ஐந்து வாரம் போனது. மறுபடியும் ரத்தம். ஸ்கேனுக்குக் கூப்பிட்டால், "ஏத்திக்க மாட்டேன், போய்யா" என்றாள். நான் வேலை பார்க்கும் தட்டாஞ்சாவடிப் பட்டறையில் லேத் மெஷின் முன்னால் நின்று அழுதேன். பெரிய வெள்ளியன்று கோயிலில் முழங்காலில் விழுந்தேன். குணம் கேட்கவில்லை. "ஆண்டவரே, அந்த ஊசிக்கு அவ கைய நீட்டட்டும், அது போதும்" என்றேன்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அவளே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். "பயமாத்தான் இருக்கு. நான் செத்துட்டா உனக்கு யாரு சோறு போடுவா? வா."

ஸ்கேன் எடுக்கும் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "விஷம் இல்லக்கா, அயோடின் சேந்த மருந்து. ரத்தத்தோட ஓடும். எக்ஸ்ரே அத சுலபத்துல தாண்டாது. ரத்தம் அதிகமா போற கட்டி தனியா வெளுப்பா தெரியும். உடம்பு சூடாகும், ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும், பயந்துடாதீங்க."

"இந்த வயசுல அது வேறயா!" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். வெளியே நின்று அழுதேன். என் செபத்துக்குப் பதில் அந்தக் கைதான்.

எலுமிச்சை அளவு கட்டி. புற்றுநோய். பரவவில்லை. ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். இன்று அவள் சமைக்கிறாள், என்னைத் திட்டுகிறாள். ஆண்டவருக்கு நன்றி.

அவள் குணமானபிறகு சகோதரர் என்னைக் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். "ஊசியப் பத்தி எதுக்கு பிரதர்? எண்ணெய் பூசினோம், கட்டி கரைஞ்சுதுன்னு முடிச்சிடுங்க." கரைந்ததா? அவள் விலாவில் ஒரு சாண் தழும்பு இருக்கிறது! நான் மறுத்ததும் அவரே மைக்கில் அப்படிச் சொல்லிவிட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள்.

இப்போது ஊசிக்குப் பயப்படுகிறவர்களோடு ஸ்கேன் அறை வாசல்வரை நான் போகிறேன். ஆண்டவரை நம்புங்கள். நம்பிக் கையை நீட்டுங்கள்.

சகோதரரே, வரும் வெள்ளிக்கிழமை முன்வரிசையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம். அந்த ஐந்து வாரம் அவள் கையை மடக்கி வைத்தது யார்? அதே மைக்கில், எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.