அடுப்பில் எரிவது என்ன என்று கேட்டவர்

அரையாண்டுத் தேர்வின் மூன்றாம் நாள். பத்தாம் வகுப்பு அறையில் கண்காணிப்புக்கு இருந்தேன். பியூன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, தலைமையாசிரியை அனுப்பிய துண்டுச் சீட்டை நீட்டினார். "பாவாயி இன்று காலையில் தவறிவிட்டார். தேர்வு முடிந்ததும் போகலாம்." சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் போன வருடத்துக் கணக்கு வினாத்தாள். பள்ளி எழுத்தராக இருந்த அவர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் நம் பள்ளி அலுவலகத்தில் யாரும் புதுத் தாளில் சீட்டு எழுதுவதில்லை. அவர் பழக்கிவிட்ட வழக்கம்தான் அவருடைய சாவுச் செய்தியையும் கொண்டுவந்தது.

நம் பள்ளியில் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் பாவாயி அக்காவை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மதிப்பெண் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், வருகைப் பட்டியல் எல்லாம் அவருடைய உருண்டைக் கையெழுத்தில்தான் இருக்கும். வருடக் கடைசியில் பழைய விடைத்தாள்களைப் பிரித்து, எழுதாமல் விட்ட பக்கங்களைத் தனியே எடுத்து அடுக்குவார். கோடைவிடுமுறையில் அவற்றைக் கோணி ஊசியால் தைத்து நோட்டாக்குவார். ஜூன் மாதம் நோட்டு வாங்க வழியில்லாத பெண்களின் கையில் அவை இருக்கும். அவரைக் கஞ்சம் என்று சொன்னவர்களும் உண்டு. "கஞ்சமா இருந்தா மொத்தத்தையும் கட்டி எடைக்குப் போட்டிருப்பனுங்க" என்று சிரிப்பார்.

நான் அறிவியல் ஆசிரியையாக இங்கே சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். காடுகள் அழிவதைப் பற்றிப் பத்திரிகைகள் அடிக்கடி எழுதிய காலம் அது. படித்ததை உடனே எங்காவது செய்துபார்க்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அறிவிப்புப் பலகையில், "ஒரு தாளைக் காத்தால் ஒரு மரத்தைக் காக்கலாம்" என்று பெரிதாக எழுதிவைத்தேன். காலை வணக்கக் கூட்டத்தில் பாவாயி அக்காவின் நோட்டு ஒன்றை உயர்த்திக் காட்டிப் பேசினேன். கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார்.

"என்னைய வெச்சுப் பேசினீங்க, சந்தோசமுங்க. ஆனா நான் காட்டுக்காகத் தெக்கலீங்க டீச்சர். புள்ளைங்களுக்கு நோட்டு வேணுமேன்னு தெக்கறேன்."

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால், பிறகு நடந்தது நடந்திருக்காது.

அந்த அரையாண்டுத் தேர்வில் என் பாடத்துக்கு நானே ஒரு விதி போட்டேன். இரண்டு பக்கமும், ஓரம்வரைக்கும் எழுதி முடித்த பிறகுதான் கூடுதல் தாள். கேட்பவர்கள் எழுந்து நின்று கேட்க வேண்டும். கொடுப்பதற்கு முன், இது எந்த மரத்திலிருந்து வந்தது என்று நான் ஒரு வார்த்தை சொல்வேன். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு பேர் கேட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. என் பேச்சு வேலை செய்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

திருத்திய தாள்களை வகுப்பில் கொடுத்து, திரும்ப வாங்கி, பதிவேட்டில் ஏற்றுவதற்காக அலுவலகத்தில் வைத்தேன். மறுநாள் மதியம் பாவாயி அக்கா ஒரு விடைத்தாளோடு ஆசிரியைகள் அறைக்கு வந்தார். செல்வியின் தாள் அது.

"இந்தப் புள்ளைக்கு முப்பத்தொண்ணு போட்டிருக்கீங்க."

"ஆமாங்கக்கா. கடைசி ரெண்டு கேள்வியும் எழுதவே இல்லை."

"எழுதலீங்களா, எழுத எடமில்லீங்களா?"

கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார். மேலே வழக்கமான பெரிய எழுத்து. கீழே வர வர எறும்பளவுக்குச் சுருங்கி, ஓரத்தில் ஏறி, "தாள் முடிந்துவிட்டது" என்று நின்றிருந்தது. திருத்தும்போது நான் அதையும் விடையின் ஒரு வரி என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

"கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேக்கற புள்ளையா அது? காயிதம் கேட்டா மரம் சாவுமுன்னு கூட்டத்துல சொல்லிப்போட்டு, ஏன் கேக்கலைன்னா எப்புடீங்க?" அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "மரம் வெட்டறவன் எவனும் பரீச்ச எழுத வரலீங்க டீச்சர்."

பிறகுதான் மற்றதைச் சொன்னார். செல்வி அன்று பள்ளிக்கு வரவில்லை. அரையாண்டில் ஒரு பாடம் போனாலும் படிப்பை நிறுத்திவிட்டுக் கரும்புக்காட்டு வேலைக்கு அனுப்புவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். மற்ற பாடங்கள் எல்லாவற்றிலும் அவள் தேறியிருந்தாள்.

சனிக்கிழமை நானும் பாவாயி அக்காவும் பஸ் ஏறினோம். செல்வியின் அப்பா சின்னுச்சாமி, ஜேடர்பாளையத்துக்கு அருகில் ஒரு வெல்ல ஆலையில் அடுப்பு எரிக்கிறவர். நாங்கள் போனபோது கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு லாரியில் கரும்புச் சக்கையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் செல்வியைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். பாவாயி அக்கா குனிந்து அடுப்பு வாயைப் பார்த்தார்.

"ஏனுங்க, அடுப்புல என்ன எரியுது?"

"வெறகுங்க." சின்னுச்சாமி ஒரு கட்டையை உள்ளே தள்ளினார். "முன்னையெல்லாம் சக்கையத்தான் காயவெச்சுப் போடுவோம். இப்ப அதைய வெலைக்குக் கேட்டு வந்து அள்ளீட்டுப் போறாங்க. காயிதம் பண்றாங்களாமா. மரத்தை வெட்டாம."

சக்கையிலிருந்து தாள் வரப்போகிறது, இனி மரங்கள் பிழைக்கும் என்று நானும் படித்திருந்தேன். வகுப்பிலும் சொல்லியிருந்தேன்.

"இந்த விறகு எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன்.

"மலையடிவாரத்துல இருந்துங்க டீச்சரம்மா." அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "எங்க புள்ள ஊட்ல சொல்லுச்சு, நீங்க மரத்துக்காகக் காயிதமே தரமாட்டீங்கன்னு. நான் ஒரு நாளைக்கு ஒரு வண்டி மரத்தை இதுக்குள்ள தள்றேன். என்னைய ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலீங்க."

தப்பு என்னுடையது, செல்வி மறுபடி எழுதட்டும் என்று மட்டும் சொன்னேன்.

"பெயிலான புள்ளைக்கு மறுக்காப் பரீச்ச வெப்பாங்களா?"

"பெயிலாகலீங்க. காயிதம் தீந்துபோச்சு, அவ்வளவுதான்" என்றார் பாவாயி அக்கா.

சின்னுச்சாமி இன்னும் இரண்டு கட்டைகளைத் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கெழமை அனுப்பறேனுங்க." கிளம்பும்போது வாழைச் சருகில் சூடான வெல்லம் வைத்துக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில், "அப்படீன்னா தாளைக் குறைக்கிறதுல அர்த்தமே இல்லையாக்கா?" என்றேன். அவர் எளிதில் தீர்ப்புச் சொல்கிறவர் அல்ல. சன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தார்.

"எனக்கென்னங்க தெரியும். மூங்கில் ஏத்திக்கிட்டு மலையிலிருந்து லாரி எறங்கறதையும் பாத்திருக்கறேன். அதும் காயிதத்துக்குத்தான் போகுது. அதனால வீணாக்காம இருக்கறது நல்லதுதானுங்க. ஆனா நாலு காயிதத்தை மிச்சம் புடிச்சுப்போட்டு, காடு பொழைச்சுதுன்னு ஊட்டுக்குப் போயிரக்கூடாது. அடுப்புல என்ன எரியுதுன்னு பாக்கோணும்."

இந்தப் பேச்சை நான் எவ்வளவோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் படித்த கட்டுரைகளில் பாதி, காடு முழுவதையும் தாளின் தலையில் கட்டின. மறுபாதி, தாளால் ஒன்றுமே இல்லை என்று கைகழுவின. அவர் இரண்டையும் ஒரே மூச்சில் மறுத்தார். அதற்காக அவர் எந்தக் கட்டுரையும் படித்ததில்லை.

திங்கட்கிழமை செல்வி வந்தாள். ஆசிரியைகள் அறையில் உட்கார்ந்து அந்த இரண்டு கேள்விகளையும் எழுதினாள். அவள் தொடங்குவதற்கு முன்பே மேசையில் பத்துத் தாளும் கட்டுவதற்கு நூலும் வைத்துவிட்டுப் பாவாயி அக்கா, "பெருசாவே எழுது சாமி" என்று சொல்லிப் போனார். அவளுக்கு மூன்று தாள் போதுமாக இருந்தது. மீதி ஏழு தாளையும் அவர் எண்ணாமல் எடுத்து, மறுபடி அலமாரியில் வைத்தார்.

பலகையை அழிக்கப் போனேன். "முச்சூடும் அழிக்காதீங்க. மரக்கணக்கை மட்டும் எடுத்துருங்க" என்றார். "தாளை வீணாக்காதீர்கள்" என்று எழுதினேன். சாக்பீஸை வாங்கி அதன் கீழே, "வேண்டுமென்றால் கேளுங்கள்" என்று அவரே எழுதினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. சத்துணவுக்கூட அடுப்புக்கு முன்னால் என்னை அழைத்துப்போய் நிறுத்தினார். மூன்று கல்லின் மேல் அண்டா. நெருப்பில் பாதி காற்றோடு போனது. இருவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண் குழைத்து, சுற்றிலும் சுவர் வைத்து, புகை போக வழிவிட்டோம். முதல் சுவர் வெடித்து விழுந்தது. "டீச்சருக்கு அறிவியல்தான் வரும், மண்ணு வராது" என்று சமையல் செய்கிறவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது நின்றது. வாராவாரம் வந்த விறகு வண்டி, பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை வந்தது. அதைப் பற்றி நான் வணக்கக் கூட்டத்தில் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

சாவுச் சீட்டு வந்த அன்று மாலை ஆசிரியைகள் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போனபோது, இப்போது ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் செல்வி எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். என்னையறியாமல் அடுப்பைப் பார்த்தேன். காய்ந்த பருத்திச் செடிகள், பருத்திமார், எரிந்துகொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். இருவரும் அழுதோம்.

ஓய்வு பெற்ற அன்று அவர் எனக்கென்று தைத்துக் கொடுத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. கோடு போட்டதும் போடாததுமாக, எத்தனையோ பெண்கள் எழுதாமல் விட்ட பக்கங்கள். படித்ததில் நான் சந்தேகப்படுவதை மட்டும் அதில் எழுதிவருகிறேன். அது நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்ட பொருள்.

இன்னொன்றும் உண்டு. அன்று காலை தேர்வு அறையில் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, கடைசி வரிசையில் ஒரு பெண் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை இன்னும் எழவில்லை. நான் நடந்துபோய் அவள் முன் இரண்டு தாளும் ஒரு துண்டு நூலும் வைத்தேன்.