பீடத்தின் முன் ஷூ

அன்று செங்கல்பட்டு அலுவலகத்தில் இதழாசிரியனான நானும் வடிவமைப்பாளர் அண்ணனும் இருந்தோம், முதலாளி இல்லை. எங்கள் கிறிஸ்தவ ராக் இசை இதழைத் தன் சபையில் விற்க அனுமதிக்கும் செயலாளர் வந்து, அச்சாகியிருந்த அடுத்த இதழின் அட்டையைக் கையிலெடுத்தார். மாமல்லபுரத்துப் பையன் ஒருவன் கிடாரோடு சர்ச் பீடத்தின் முன் ஷூ போட்டு நிற்கும் படம். தேர்ந்தெடுத்தவன் நான்.

"இன்னாப்பா எடிட்டரு, ஆல்டராண்ட ஷூவோட நிக்கிறான்? உங்க வூட்டு ஹாலா அது?"

"தப்புதாங்க ஐயா."

"இது வந்தா, உன் புக்கு எங்க சபைக்குள்ளயே வராது."

அவர் முகம் இறுகியிருந்தது. ஆனால் அண்ணனின் கம்ப்யூட்டரில் ஓடிய பாட்டின் டிரம்ஸுக்கு அவர் விரல்கள் மேஜையில் பிசகாமல் தாளம் போட்டன. கிளம்பும்போது ஓர் அட்டையை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். புகார் சொல்லவா, பிடித்துப்போயா? கேட்கப் பயந்தேன், இன்றும் தெரியவில்லை. வேறு அட்டை அச்சடிக்க எங்களுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் ஆனது.