எரிக்கச் சொன்ன புத்தகம்

அந்த அம்மாள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். தான் செத்த அன்றே, மகள் வந்து சேர்வதற்குள், ஒரு புத்தகத்தை எரித்துவிட வேண்டும். கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார். நான் எரிக்கவில்லை.

நியூ ஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் பக்கம் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் இரண்டு வருஷம் குடியிருந்தேன். அதற்கு முன்னால் எத்தனையோ இடம். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராகப் போனவன் நான். பிறகு துபாயில் ஒரு மெஸ், கலிஃபோர்னியாவில் ஓட்டல் சமையல், டெக்சஸில் கேஸ் ஸ்டேஷன் கல்லா. ஓரிடத்தில் மூன்று வருஷம் இருந்தால் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். நியூ ஜெர்சிக்கு வந்தது ஒரு கேட்டரிங் கிச்சனில் வேலை கிடைத்ததால். வேலை கொடுத்தவர் சென்னைக்காரப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார்.

வீட்டுக்கார அம்மாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வயது அறுபத்தெட்டு. கணவர் இறந்து வெகு காலம் ஆகிவிட்டது, ஒரே மகள் டெக்சஸில் சுகர் லேண்டில். பனி அள்ளுவதும் குப்பைத் தொட்டியைத் தெருவில் வைப்பதும் என் பொறுப்பு. கான்சர் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போவதும் என் பொறுப்பானது. அவர் கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளி நட்சத்திரம், வட்டத்துக்குள் ஐந்து முனை. ஜன்னல் ஓரத்தில் சின்னக் கிண்ணத்தில் உப்பு. முதல் வாரமே, "நான் ஒரு விட்ச், உனக்கு அதுல தொந்தரவு இல்லையே?" என்று கேட்டார், நாம் வீட்டில் அசைவம் சமைப்போம் என்று சொல்லி வைப்பது போல. அவர் மதத்தின் பெயர் விக்கா.

கிச்சனில் இதைச் சொன்னபோது மேடம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"சூனியக்காரி வீட்லயா ஸ்டே பண்றீங்க? அண்ணா, ஜாக்கிரதை. தூங்கறப்ப கோழியா மாத்திடப் போறாங்க. அப்புறம் சாட்டர்டே பார்ட்டி ஆர்டர்ல நீங்கதான் பிரியாணி."

"அவங்க வெஜிடேரியன் மேடம்."

"அப்போ கத்திரிக்காயா மாத்துவாங்க."

சூனியம் எதையும் நான் பார்க்கவில்லை. அமாவாசையும் பௌர்ணமியும் கணக்கு வைத்திருப்பார், மெழுகுவர்த்தி ஏற்றி எதையோ முணுமுணுப்பார். ஒரு காலத்தில் அவரோடு சேர்ந்து கும்பிட்டவர்கள் நாலைந்து பேர் இருந்தார்களாம். சிலர் செத்துப்போனார்கள், சிலர் ஊர் மாறிப்போனார்கள். கடைசியில் தனியாகத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் நிறையப் பேசுவோம். என் ஆங்கிலம் கேஸ் ஸ்டேஷனில் கற்ற ஆங்கிலம். அவர் சொன்னதை என் தமிழில்தான் சொல்ல முடியும்.

"செத்தா எங்க போவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அவரிடம் அப்படிக் கேட்கலாம்.

"சம்மர்லேண்ட். எப்பவும் கோடையா இருக்கிற இடம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் கோடையை யாரும் சொர்க்கத்தில் வைக்க மாட்டார்கள். இதைச் சொன்னதும் அவரும் சிரித்தார். "ஜனவரில காலைல நாலரை மணிக்கு எழுந்து பஸ் கண்ணாடில ஐஸ் சுரண்டிப் பாரு, அப்பத் தெரியும்," என்றார்.

அங்கே தண்டனை கிடையாதாம், தீர்ப்புச் சொல்லவும் ஆள் இல்லையாம். களைப்புத் தீர ஓய்வெடுத்து, வாழ்ந்ததை நினைத்துப் பார்த்து, மெல்ல மெல்ல வயது குறைந்து, பிறகு திரும்பவும் பிறப்பார்களாம். பிரியம் வைத்தவர்கள் இருக்கும் இடத்திலேயே, அவர்கள் பிறக்கும் காலத்திலேயே. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும் என்றார்.

"நாங்க இனிமே பிறக்கக் கூடாதுன்னு சாமி கும்பிடுறோம்," என்றேன்.

"நான் மறுபடி பிறக்கணும்னு கும்பிடுறேன். ரெண்டு பேரும் ஒரே கார்ல போறோம், பாரு."

இறந்தவர்கள் அக்டோபர் கடைசி நாளில் வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. முதல் வருஷம் அன்றைக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மேசையில் மூன்று தட்டு. மூன்றாவது அவர் கணவருக்கு. நான் சாம்பார் சாதம் கொண்டுபோயிருந்தேன். படையல் எங்களுக்கும் பழக்கம்தான். ஆனால் அவர்கள் முறையில் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. தெரியாமல், "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். உதட்டில் விரல் வைத்து முறைத்தார். எல்லாம் முடிந்து அந்தத் தட்டைத் தோட்டத்து மரத்தடியில் வைத்துவிட்டு வந்த பிறகு காரணம் சொன்னார்.

"நாம பேசிட்டே இருந்தா, அவங்க வந்தது நமக்குக் கேக்காது."

இரண்டாவது குளிர்காலத்தில் மருந்து போதும் என்று சொல்லிவிட்டார். கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டோம். நர்ஸ் தினமும் வந்துபோனாள். அந்த மாதங்களில் மகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்தாள். அதற்கு முன் கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை பேசினால் உண்டு. பேசி முடித்தபின் போனை நெஞ்சின் மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் படுத்திருப்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் புத்தகத்தைக் காட்டினார். கறுப்பு அட்டை, செங்கல் கனம். முப்பது வருஷமாகக் கையால் எழுதியது. பூஜை முறை, மூலிகை, சூப் வைக்கும் விதம் எல்லாம் அதில்தான். ஒரு பக்கத்திலிருந்து சிவப்புக் கயிற்றின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நம் கோயிலில் கையில் கட்டிவிடும் கயிறு போலவே இருந்தது.

"இது எழுதினவங்களோட போயிடணும். அதுதான் எங்க வழக்கம். பக்கத்தைத் தனியாக் கிழிக்கக் கூடாது, முழுசா எரியணும். என் பொண்ணு வர்றதுக்கு முன்னாடி."

"சரி."

"இதுல நான் எழுதக் கூடாத ஒண்ணை எழுதி வச்சிருக்கேன். எரிஞ்சாத்தான் அது அவிழும். படிச்சுப் பாக்காதே."

"எனக்கு இந்தக் கூட்டெழுத்து படிக்க வராது. அச்சடிச்ச எழுத்துன்னாலே மெதுவாத்தான் படிப்பேன்."

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன்," என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அது வருத்தமாக இல்லை. படிக்காததால் கிடைத்த ஒரே நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு காலையில் இறந்தார். நர்ஸ் வந்து பார்த்து எழுதிக்கொண்டாள். பத்து மணிக்கு வண்டி வந்து உடலை எடுத்துப் போனார்கள். மகளின் ஃப்ளைட் வந்து சேர்வது மூன்று மணிக்குத்தான். நேரம் இருந்தது. கொல்லையில் நெருப்பு மூட்டும் வட்டக் குழியிலிருந்த பனியை அள்ளி வெளியே போட்டுவிட்டு விறகு அடுக்கிப் பற்றவைத்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியில் இறங்கும்போது வழுக்கியது. நான் விழவில்லை. புத்தகம் விழுந்தது, என் பூட்ஸ் கால் அதன்மேல் பட்டது.

எடுத்தேன். யோசிக்கவே இல்லை, கை தானாக அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டபோது என் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டார்கள். தராசுத் தட்டில் கிடந்த கணக்குப் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. முப்பது வருஷம் ஒருத்தி உட்கார்ந்து எழுதியதை நெருப்பில் போட நான் யார் என்று தோன்றியது. அந்தச் சிவப்புக் கயிறு வேறு. ஏதோ காப்புக் கயிறு, நல்லதுக்குக் கட்டியது என்றே எடுத்துக்கொண்டேன். அதையா கொளுத்துவது?

புத்தகத்தை பேஸ்மென்ட்டில் என் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு ஒரு காரியம் செய்தேன், அதைச் சொல்ல இன்னும் கூசுகிறது. கடை விளம்பரத் தாள்களையும் பழைய கேட்டலாக்குகளையும் ஒரு கட்டு கொண்டுபோய்க் குழியில் போட்டு எரித்தேன். கறுப்பாகப் புகை வந்தது. அவர் மேலிருந்து பார்த்தால் வாக்கைக் காப்பாற்றியது போலத் தெரியட்டும் என்று.

மகள் வந்தாள். நாற்பது வயது இருக்கும், அம்மாவின் அதே மூக்கு. கழுத்தில் சிலுவை. வீடு முழுக்க எதையோ தேடினாள். இழுப்பறைகளில் பில்களும் மளிகைச் சீட்டுகளும்தான் கிடைத்தன. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த "பால், முட்டை, மெழுகுவர்த்தி" என்ற சீட்டை வாய்விட்டுப் படித்து, கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அம்மா கையெழுத்துல எனக்குன்னு ஒரு வரி கூட இல்ல," என்றாள்.

நான் கீழே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. எரிக்காமல் வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கிச்சன் மேசையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். சிவப்புக் கயிறு இருந்த பக்கம் திறந்திருந்தது. ஒரு சாண் கயிறு, நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் தனித்தனியாகத் தாளில் டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"இதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கு இந்த எழுத்து படிக்க வராது."

அவள் படித்துக் காட்டினாள், நிறுத்தி நிறுத்தி. எனக்குப் புரிய வேண்டும் என்றா, அவளுக்கு முடியவில்லையா, தெரியாது. அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மா பார்க்கப் போயிருக்கிறார். அந்த நட்சத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு என் குழந்தையைத் தொடு என்று மகள் சொல்லியிருக்கிறாள். அம்மா கழற்றவில்லை. வாசலிலிருந்தே ஏர்போர்ட்டுக்குத் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து கயிற்றின் ஒரு முனைக்குத் தன் பெயரும் மறு முனைக்கு மகள் பெயரும் சொல்லி, நடுவில் வெட்டி எழுதியிருக்கிறார்: இனி வரும் எந்தப் பிறவியிலும் இவளும் நானும் ஒருவரையொருவர் தேடி வர வேண்டாம்.

காரில் போகும்போது அவர் சொன்னதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. பிரியம் வைத்தவர்களிடமே வந்து பிறப்போம் என்றது. எரிஞ்சாத்தான் அவிழும் என்றது.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். எரிக்கச் சொன்னதை, கால் பட்டதை, விளம்பரத் தாள்களை எரித்ததைக் கூட.

"கால் பட்டா என்ன?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல புத்தகம்னா சாமி மாதிரி."

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு மறுபிறவில நம்பிக்கை இல்ல," என்றாள். "ஆனா அவங்க நம்பினாங்க இல்ல?"

இப்போதே எரித்துவிடுகிறேன், தாருங்கள் என்று கை நீட்டினேன். அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

கேட்டரிங் மேடத்திடம் சொன்னேன். வெங்காயம் உரித்தபடியே கேட்டார். "அட போங்கண்ணா. நானா இருந்தாலும் புக்கை எரிச்சிருக்க மாட்டேன். யார்தான் எரிப்பாங்க? ஃபீல் பண்ணாதீங்க." அவர் சொன்னது உண்மைதான். எங்களில் யாராக இருந்தாலும் எரித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த அம்மாள் எங்களில் யாரிடமோ கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். நான் சரி என்று சொன்னேன்.

வீட்டை விற்றார்கள். நான் டெக்சஸுக்கு வந்தேன். சுகர் லேண்டில் ஒரு இந்தியன் மளிகைக் கடையில் பின்பக்கம் கிச்சன் இருக்கிறது, அங்கே வேலை. மகள் இருக்கும் ஊர் என்பதற்காக வந்தேன் என்றால் பொய், அதற்காக இல்லை என்றாலும் பொய். மூன்று மாதம் கழித்துத்தான் போன் செய்யத் தைரியம் வந்தது. புத்தகத்தை எரித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்ல," என்றாள். "அவ்வளவு பெரிய புக்ல அந்த ஒரு பக்கத்துலதான் என் பேர் இருக்கு."

போனை வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் அக்டோபர் கடைசி நாள் சாயங்காலம் அபார்ட்மென்ட்டில் இரண்டு தட்டு வைத்தேன். ரூம்மேட் வேலைக்குப் போயிருந்தான். சாம்பார் சாதம், அவருக்குப் பிடித்தபடி காரம் குறைத்து. ஜன்னல் ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தி. வெளியே பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய்க்காகக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் கதவையும் தட்டினார்கள். நான் எழவில்லை.

எதிர்த் தட்டைப் பார்த்து, மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. ஏற்கெனவே ஒருமுறை பேசி முறைப்பு வாங்கியவன், அவர் சொன்ன இன்னொன்றையும் மீற வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். வந்தாரா என்று காது கொடுத்துக் கேட்டேன். ஃப்ரீவே சத்தம்தான் கேட்டது.

சாப்பிட்டு முடித்து அந்தத் தட்டைக் கீழே கொண்டுபோனேன். தோட்டம் கிடையாது, கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மரம் இருக்கிறது. அதன் அடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். தட்டை வைத்து முடிந்த பிறகு பேசலாம், அன்றைக்கு அவரே பேசினார். ஆனால் மன்னிப்புக் கேட்க அதற்குள் எதிரே யாரும் இல்லை.