பின்னால் யாரும் உட்கார முடியாத வண்டி

என் வீட்டுக்காரர் புகழேந்தியை நல்லவர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவர்தான், யார் இல்லையென்றது? அந்த நல்ல குணத்தை வைத்துக்கொண்டு ஒரு ஊரே ஓசியில் சவாரி போனதே, முதலில் அதைச் சொல்லுங்கள்.

வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் அவருக்கு உதவியாளர் வேலை. கல்யாணத்துக்கு முன்பே ஒரு குரூசர் பைக் வாங்கி வைத்திருந்தார். நீளமான வண்டி. கைப்பிடி உயரமாக இருக்கும், காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி ஓட்டலாம். தனியாகக் கன்னியாகுமரி வரை போய்வர வேண்டும் என்பது ஆசையாம். பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் அவர் சொன்ன ஒரே விஷயம் அதுதான். கன்னியாகுமரியாவது, மண்ணாவது! அந்த வண்டி பஸ் ஸ்டாண்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவிலேயே தேய்ந்துபோனது. எல்லாவற்றுக்கும் காரணம் பின் சீட்டு. அகலமாக, மெத்தென்று, முதுகுக்குச் சாய்மானத்தோடு இருந்தது அந்தப் பாழாய்ப்போன சீட்டு.

பௌர்ணமி வந்தால் எங்கள் வீட்டுக்குத் தொல்லையும் வந்துவிடும். கிரிவலத்துக்கு ஜனம் கொள்ளாது. ஊருக்குள் பஸ் விடமாட்டார்கள், ஆட்டோவும் பாதி வழியோடு சரி. சந்து பொந்தெல்லாம் தெரிந்த ஒரு ஆள், சோபா மாதிரி சீட்டு வைத்த வண்டியோடு இருந்தால் விடுவார்களா? ஆரணியிலிருந்தும் போளூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து இறங்கி போன் போடுவார்கள். "புகழு, எறங்கிட்டோம், வந்துடு." இவரும் போட்டது போட்டபடி ஓடுவார்.

மலையைச் சுற்றக் கிளம்பியவர்களே பாதியில் கூப்பிடுவார்கள், அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! இவருடைய அக்கா வீட்டுக்காரர் சக்கரபாணி ஒரு பௌர்ணமிகூட முழுசாகச் சுற்றியது கிடையாது. "மச்சான், அடி அண்ணாமலைகிட்ட உக்காந்துனு கீறேன். கால் வுட்டுப்போச்சு. வண்டிய எட்தாந்துடு" என்பார். இவர் கழனிப் பக்கமாகச் சுற்றிப் போய் ஏற்றிக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் அந்த மனுஷன் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, "இன்னிக்கு அருமையான கிரிவலம்" என்று காபி கேட்பார். அண்ணாமலையாருக்குப் பொறுமை ஜாஸ்தி. எனக்கு அவ்வளவு கிடையாது.

போன சித்திரா பௌர்ணமிக்குத்தான் எனக்குப் பொறுமை அறுந்தது. எங்கள் மகள் ஓவியா வேலூரில் படிக்கிறாள். காய்ச்சலோடு வந்துகொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள். அப்பா கிளம்பிவிட்டார் என்று நம்பி அங்கேயே உட்கார்ந்திருந்தாள் குழந்தை. கிளம்பினவரைத் தெருமுனையில் மடக்கினார் சக்கரபாணி. தன் முதலாளி குடும்பம் வந்திருக்கிறதாம், லாட்ஜில் கொண்டுபோய் விட்டுவிட்டால் போதுமாம், "அஞ்சே நிமிஷம் மச்சான்" என்றாராம். முதலாளி, முதலாளியம்மா, அவர்கள் அம்மா, அவர்கள் பெட்டி! ஒவ்வொருவராக ஏற்றி இறக்கிவிட்டு இவர் போய்ச் சேர்வதற்குள் என் மகள் டீக்கடை வாசலில் மயங்கி விழுந்திருந்தாள். யாரோ ஒரு அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து மடியில் படுக்கவைத்திருந்தாராம்.

சாயங்காலம் சக்கரபாணி சொன்னதைக் கேளுங்கள். "ஏம்மா பொன்னி, பொண்ணுக்கு ஒரு ஆட்டோ சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்க மொதலாளிக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணா ஆட்டோ?" என்று கத்திவிட்டேன். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அவரைச் சமாதானப்படுத்தப் பின்னாலேயே போய், வண்டியில் ஏற்றி, பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

திரும்பி வந்து ஓவியாவின் கட்டிலருகே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு அழுதார். "முடியாதுன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது பொன்னி. கேட்டுட்டா எனக்கு வாயே வரமாட்டேங்குது" என்றார். அழுகிற ஆளை எப்படி அடிப்பது? இந்த மனுஷனுக்கு அவர் வாழ்க்கையை யாராவது மீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும், ஆயுசு பூராவும் அடுத்தவர்களை ஏற்றி இறக்கியே முடிந்துவிடும் என்று அன்றைக்குப் பயந்துபோனேன். அவர் வாயைத் திருத்த முடியாது, வண்டியையாவது மாற்றுவோம் என்று முடிவு செய்தேன்.

இவரையும் இழுத்துக்கொண்டு போன பைக் ஷோரூமில் ஷோயப் என்று ஒரு பிள்ளை. மரியாதையான பிள்ளைதான், பாவம். "சாரு குரூசர் ஓட்டுனவரு. அதே மாதிரி புது மாடல் இருக்கு மேடம். பின்னாடி சீட்டுல ஏறி உக்காந்து பாருங்க, அவ்ளோ சொகமா இருக்கும்" என்றான்.

ஏறிப் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது. "வேணாம்" என்று இறங்கினேன்.

அடுத்ததைக் காட்டினான். அதிலும் ஏறினேன். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. வேணாம்."

"மேடம், நல்லா இருந்தா ஏன் வேணாம்?"

"தம்பி, எந்த வண்டில பின்னாடி உக்கார்றவங்களுக்குக் கஷ்டம் ஜாஸ்தியோ அதைக் காட்டு."

அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு ஷோயப் எங்களை மூலையில் நின்ற ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கிடம் கூட்டிப்போனான். பாய்வதற்குக் குனிந்த மாதிரி நின்றது. ஓட்டுகிறவர் சீட்டு கீழே, பின் சீட்டு எங்கேயோ மேலே, உள்ளங்கை அகலம். ஏறினேன். முட்டி நெஞ்சைத் தொட்டது, உடம்பு முன்னால் சரிந்தது, பிடித்துக்கொள்ள வாகாக எதுவும் இல்லை. சக்கரபாணியை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். மனசு குளிர்ந்துவிட்டது.

"இதான்" என்றேன்.

"உன்னாலயே உக்கார முடியலையே பொன்னி" என்றார் இவர்.

"எனக்கும் வேணாம்."

சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் அந்தக் குரூசரில் ஒருக்களித்து உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சாத்தனூர் அணைக்குப் போயிருக்கிறேன். எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? அந்தச் சீட்டை நானாக எங்கே விட்டேன்? அத்தனை பேரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டார்கள், படுபாவிகள்.

ஓட்டிப் பார்க்க எடுத்தார். பழக்கதோஷத்தில் கால் இரண்டும் முன்னால் தேடின, அங்கே மிதி இல்லை, அது பின்னால் இருந்தது. தடுமாறினார். "கைல சாயாதீங்க சார், மணிக்கட்டு போயிடும். முட்டியால டேங்க்கை இறுக்கிப் புடிச்சுக்குங்க, இடுப்புல பலம் குடுங்க" என்றான் ஷோயப். கிளம்பினார். ஒரு சுற்று சுற்றிவிட்டு வரவேண்டியவர் வெகுநேரம் வரவில்லை. ஷோயப்புக்கு வியர்த்துவிட்டது.

வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. "வளைவுல லேசா சாஞ்சா போதும் பொன்னி, அதுவும் கூடவே சாயுது" என்றார். பழைய வண்டியைக் கொடுத்து இதை எடுத்துக்கொண்டு வந்தோம்.

அடுத்த பௌர்ணமிக்குச் சக்கரபாணி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறப் பார்த்தார், காலைத் தூக்கினார், மறுபடியும் தூக்கினார், கடைசியில் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்த வயசுல காலேஜ் பையனாட்டம் இன்னா மச்சான் இது? மானம் போவுது" என்றார். கூட வந்திருந்த அண்ணி, அதாவது இவருடைய அக்கா, என்னை முறைத்தார். "என் தம்பிய மாத்திட்ட இல்ல நீ?" நான் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சிரித்து முடித்து வெளியே வந்து பார்த்தால், பக்கத்து வீட்டு முருகவேலின் ஸ்கூட்டரை இரவல் வாங்கி, அதில் சக்கரபாணியை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்!

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என் சீட்டையும் சேத்து விட்டுக்குடுத்து இந்த வண்டிய வாங்கினேன். யாருக்காக? நீங்க ஸ்கூட்டர் கடன் வாங்கிப் போறீங்க! சூடு சொரணை வேணாமா? இனிமே நான் ஒண்ணும் கேக்கமாட்டேன், போங்க." அவர் சாப்பிடாமலேயே போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போளூரில் என் சித்தி மகளுக்கு வளைகாப்பு. பட்டுப்புடவை கட்டி, சீர்த்தட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, முருகவேல் ஸ்கூட்டரை வாங்கி என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுடுங்க" என்றேன்.

அவர் துணியை மடித்து வைத்தார். என்னைப் பார்த்தார். "முடியாது பொன்னி. நான் செங்கம் ரோட்டுல கெளம்புறேன். மலைப்பக்கம் போறேன், தனியா."

"இன்னாது?"

"நீ ஆட்டோல போ."

என்ன தைரியம் பாருங்கள்! சக்கரபாணிக்கு முடியும், முதலாளிக்கு முடியும், முதலாளியின் பெட்டிக்குக்கூட முடியும், கட்டின பொண்டாட்டிக்கு முடியாதா? வாய்க்கு வந்தபடி திட்டினேன், தெருவே எட்டிப் பார்த்தது. அவர் பயந்துகொண்டேதான் ஹெல்மெட்டை மாட்டினார், பயந்துகொண்டேதான் கிளம்பினார். ஆனால் கிளம்பிவிட்டார்.

சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகும்போதும் எனக்கு ஆறவில்லை. பாதி வழியில் அண்ணி போனில் கூப்பிட்டார்.

"பொன்னி, புகழு எங்க? போனே எடுக்கல. எங்க மாமனாருக்கு டாக்டராண்ட போவணுமாம், அந்த ஸ்கூட்டர எட்தாந்து இட்டுனு போவச் சொல்லு."

"அவர் இல்ல அண்ணி. வெளிய போயிருக்காரு."

"எங்க? எப்ப வருவான்?"

"தெரியாது. என்னை பஸ் ஸ்டாண்டுல விடுங்கன்னேன். முடியாதுன்னுட்டுப் போயிட்டாரு."

"முடியாதுன்னானா? நம்ம புகழா? உன்கிட்டயா?"

"என்கிட்டயேதான் அண்ணி!" என்றேன். அந்த நேரத்தில் என் குரலில் இருந்த பெருமை அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். பட்டென்று போனை வைத்துவிட்டார்.